எந்த நாள் கணக்கு?

நல்லூர்க் கந்தன் கோயில் வீதியில் புதிய வாகனம் ஒன்று வந்து நின்றால், சக்கரத்தின் கீழ்த் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, அருச்சனை செய்த பின்னரே வீட்டுக்குக் கொண்டு செல்வது நம்மவர் வழக்கம். இராகு காலம் விலக்கி, நல்ல நாள் பார்த்தே திறப்பைக் கையில் வாங்குகிறோம். ஆனால் வாங்குகிறவர் பார்க்கும் நாள் ஒன்று. சட்டம் பார்க்கும் நாள் வேறொன்று. பணம் கட்டிய நாளா, கப்பல் ஏறிய நாளா, துறைமுகத்தில் இறங்கிய நாளா, பதிவேட்டில் எண் விழுந்த நாளா? இவற்றுள் எந்த நாளைக் கொண்டு ஒரு வாகனத்தின் தகுதி தீர்மானிக்கப்படுகிறது? புகை விதி மாறும் ஒவ்வொரு முறையும் இக்கேள்வி எழுகிறது. ஒவ்வொரு முறையும் விடை தாமதித்தே வருகிறது.

புகை விதி என்பது யாது? இயந்திரம் கக்கும் காபனோரொட்சைட்டு, எரியாது எஞ்சும் ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டுகள், கண்ணுக்குப் புலப்படாத கரித்துகள் ஆகியவற்றுக்கு விதிக்கப்படும் உச்ச எல்லையே அது. ஐரோப்பாவில் 1992ஆம் ஆண்டளவில் ‘யூரோ 1’ என்ற பெயரால் முதற்படி தொடங்கிற்று. 2005இல் ‘யூரோ 4’ வந்தது. இந்தியா தன் படிகளுக்குப் ‘பாரத் ஸ்டேஜ்’ என்று பெயரிட்டது. படி உயர உயர எல்லை இறுகும். ஒரு படியிலிருந்து மறுபடிக்கு நாடு ஏறும் நாளில், இடைவழியில் அகப்பட்டுக்கொள்ளும் வாகனமும் அதற்குப் பணம் கட்டியவருமே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் புகைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களின் பின்னே இருமிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்கள் நாம். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்ததைக் கண்டு கலங்கியவர்கள் நாம். 2022 டிசம்பரில் காற்று நஞ்சேறிப் பாடசாலைகளை மூட நேர்ந்ததையும் மறக்கவில்லை. நல்ல காற்று வேண்டும். கடுமையான விதியும் வேண்டும். விதி கடுமையாக இருப்பது குற்றமன்று. அது எந்த நாளில், யார் தலையில் விழும் என்று தெரியாமல் இருப்பதே குற்றம்.

அயல் நாட்டில் நடந்ததை நோக்குக. 2017 மார்ச் 29ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு கட்டளை பிறப்பித்தது. ஏப்பிரல் 1 முதல் ‘பாரத் ஸ்டேஜ் 3’ வாகனங்களை விற்கவும் கூடாது, பதியவும் கூடாது. மார்ச் 31க்குள் விற்றதற்குச் சான்று இருந்தால் மட்டுமே பதியலாம். ஆலைக்காரர் அதுவரை உற்பத்தி நாளே கணக்கென்று நம்பியிருந்தனர். நீதிமன்றமோ விற்பனை நாளே கணக்கென்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் விற்பனையாகாமல் நின்றன. விற்பனையாளர் விலையை வெட்டினர், மக்கள் முண்டியடித்தனர். பற்றுச்சீட்டிலுள்ள திகதியே வாகனத்துக்கு உயிராயிற்று.

மூன்றாண்டு கழித்து மீண்டும் அதே கதை. 2020 ஏப்பிரல் 1இல், ஐந்தாம் படியைத் தாண்டி நேரே ஆறாம் படிக்கு ஏறுவதென்று இந்திய அரசாங்கம் 2016இலேயே அறிவித்திருந்தது. நான்கு ஆண்டு அவகாசம், பாராட்டத் தக்கதே. ஆயினும், முன்னர் உற்பத்தியான வாகனங்களைப் பின்னும் சில மாதம் பதியலாமென்று அதே அரசாங்கம் விதியில் ஓர் இடுக்கு வைத்தது. 2018 ஒக்டோபர் 24இல் உச்ச நீதிமன்றம் அந்த இடுக்கை அடைத்தது. 2020 மார்ச் இறுதியில் கொரோனா வந்து நாட்டைப் பூட்டிற்று. மிஞ்சிய வாகனங்களில் பத்து வீதத்தை மட்டும், ஊரடங்கு நீங்கியபின் பத்து நாட்களுள் விற்கலாமென்று நீதிமன்றம் இரங்கியது. அனுமதித்த தொகை ஏறத்தாழ 1.05 இலட்சம்; விற்ற தொகையோ 2.55 இலட்சம் என்று பின்னர் தெரிய வந்தது. ஜூலை 8இல் நீதிமன்றம் தன் சலுகையை மீளப் பெற்றது. மார்ச் 31க்குள் விற்று, அரசாங்கத்தின் கணினிப் பதிவேட்டில் ஏற்றியவற்றைப் பதியலாமென்று ஓகஸ்ட் 13இல்தான் வழி பிறந்தது. இந்த நான்கரை மாதமும் முழுப் பணம் செலுத்தியவர்களின் வண்டி வீட்டு வாசலில் நின்றது. எண் தகடு வருமோ வராதோ என்ற ஏக்கம் வீட்டுக்குள் இருந்தது.

இதிலே இரண்டு பாடங்கள் உள. நாளைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் வாங்கியவர் வருந்துவார். சலுகைக்கு எல்லை கட்டாவிட்டால் விற்பவர் அதைக் கொள்ளையிடுவார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே புதிய வாகனத்தின் புகை விதி துறைமுக வாசலிலேயே நிற்கிறது. அந்த வாசலைத் தாண்டாத வாகனத்துக்குப் பதிவும் இல்லை. ‘யூரோ 4’ தரத்துக்குக் குறைந்த வாகனங்களை 2018 ஜனவரி 1 முதல் இறக்குமதி செய்யலாகாது என்று அறிவித்தது 2017 நவம்பர் மாதத்து வரவு செலவுத் திட்ட உரை. இடையில் இரண்டு மாதம் கூட நிறையவில்லை. ஐரோப்பா 2005இல் ஏறிய படிக்கு நாம் 2018இல் ஏறுவது பிழையன்று, பிந்தியதே பிழை. ஆனால் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த அரசு, மேலும் பன்னிரண்டு மாதம் முன்னதாகச் சொல்லியிருக்கலாகாதா?

நல்ல நோக்கம் நாள் தவறினால் என்னவாகும் என்பதை நமது தோட்டக்காரருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தினார்கள். மண்ணைக் காக்கும் நோக்கம் என்றார்கள். பயிர் வாடியது, விவசாயி தெருவுக்கு வந்தான், நவம்பரில் தடையை விலக்கிக் கொண்டார்கள். அந்தப் போகத்தின் நட்டத்தை மட்டும் எவரும் விலக்கிக் கொள்ளவில்லை!

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பொழுது விதித்த நிபந்தனை ஒன்றைக் கவனியுங்கள். இறக்கிய வாகனத்தை 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் இறக்குமதிப் பெறுமதியில் மாதந்தோறும் 3 வீதம் தாமதக் கட்டணம். குடிமக்களுக்கு நாள் குறிக்க அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரிகிறது! தனக்குத் தானே நாள் குறிக்கத் தெரியவில்லை என்றால் நாம் நம்ப வேண்டுமா?

நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். குலைகளைத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஏற்ற ஒரு சிறு லொறி வேண்டுமென்று, நகையை ஈடு வைத்து முற்பணம் கட்டுகிறார். நல்லூரிலே ஓர் ஆசிரியர் ஓய்வூதியப் பணத்தில் ஒரு காருக்குக் கட்டளை கொடுக்கிறார். வாகனம் யப்பானில் கப்பல் ஏறி, தீவின் தென்கோடியாகிய அம்பாந்தோட்டையில் இறங்கலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமையகம் நாரஹேன்பிட்டியில். நமக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்துக்கும் இவ்வளவு காலத்துக்கும் இடையில் ஒரு வர்த்தமானி வந்து விழுந்தால், கொழும்பிலுள்ள வியாபாரிக்கு ஒரு கணக்கில் நட்டம். இவர்களுக்கோ வாழ்க்கையிலேயே நட்டம்.

மாற்று வழி இல்லையா? உண்டு. ஐரோப்பிய நாடுகளில், பழைய விதிப்படி செய்து விற்பனையாகாமல் நிற்கும் வாகனங்களுக்கென்று சட்டத்திலேயே ஒரு கடைசி வாய்ப்பு எழுதப்பட்டுள்ளது. முழுமையாகக் கட்டி முடித்த வாகனத்துக்கு அது 12 மாதம். எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. விதி மாறும் முன்னரே அனைவருக்கும் அது தெரியும். நீதிமன்ற வாசலுக்கு ஓட வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பன நான்கு. முதலாவது, புகை விதியை மாற்றும் ஒவ்வொரு வர்த்தமானியும் எந்த நாளைக் கணக்கிற் கொள்கிறது என்பதை ஐயந்திரிபறச் சொல்ல வேண்டும். இரண்டாவது, அறிவித்தலுக்கும் அமுலுக்கும் இடையில் ஓராண்டேனும் இருக்க வேண்டும். மூன்றாவது, அறிவித்தலுக்கு முன் வங்கியில் நாணயக் கடிதம் திறந்தவரின் வாகனத்தை, குறித்த ஒரு கடைசித் திகதி வரை ஏற்க வேண்டும். பற்றுச்சீட்டில் திகதியை மாற்றி எழுதுவது எளிது. வங்கிப் பதிவில் அது எளிதன்று. நான்காவது, அறிவித்தலை அறிந்தும் பழைய தர வாகனத்துக்கு முற்பணம் வாங்கிய விற்பனையாளரே நட்டத்தைச் சுமக்க வேண்டும், வாங்கியவரன்று.

அரசாங்கம் செய்யும் வரை நாமும் வாளாவிருத்தல் தகாது. கட்டளை கொடுக்கும் பத்திரத்தில் வாகனத்தின் புகைத் தரம் இன்னதென்று எழுதி வாங்குங்கள். உற்பத்தி மாதமும் ஆண்டும் எழுதி வாங்குங்கள். விதி மாறிப் பதிவு மறுக்கப்பட்டால் பணம் முழுவதும் திரும்பும் என்ற வாசகம் இல்லாத பத்திரத்தில் ஒப்பமிடாதீர்கள். நாணயக் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி முற்பணம் கட்டுவது, மழையை நம்பிக் கிணற்றைத் தூர்ப்பது போலாகும்.

சுத்தமான காற்றுக்கு விலை கொடுக்க நாம் ஆயத்தமாகவே இருக்கிறோம். அந்த விலையை முன்கூட்டிச் சொல்லுங்கள் என்பதே நமது கோரிக்கை. நல்ல நாளை நாம் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்வோம். சட்டத்தின் நாளை வர்த்தமானியில் எழுத வேண்டியது அரசாங்கத்தின் கடமை.