வல்லூறுக் குஞ்சு கீழே வந்தால்

கோடை வந்துவிட்டால் சென்னையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஒரு கேள்வி எழும்: பருந்துக் குஞ்சு மரத்திலிருந்து விழுந்து கிடக்கிறதே, என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். அது ஏன் என்பதை விளக்கியாக வேண்டும்.

முதலில், எந்தப் பறவை? ஏரிக்கு மேல் வட்டமிடும் பெரிய பறவைக்கு வால் நுனி பிளந்திருந்தால் கரும்பருந்து. வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலுமாக இருந்தால், கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து. கொல்லைப்புற மரத்தின் இலைச்செறிவுக்குள் கூடு கட்டுவது பெரும்பாலும் வல்லூறு. வைரி என்றும் சொல்வார்கள். புறா அளவுதான். வளர்ந்த பறவையின் மார்பில் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் குறுக்கே ஓடும். இளம் பறவைக்குப் பழுப்புத் தீற்றல்கள் மேலிருந்து கீழாக இறங்கும். வயதை அறிய இந்த அடையாளமே போதும்.

கிளைக்கவட்டில் சுள்ளி அடுக்கி, மூன்று நான்கு முட்டை இடும். ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாப்பது பெரும்பாலும் பெண் பறவை. ஓணான், எலி, அணில், சிறு பறவை என்று இரை கொண்டுவருவது ஆண். பொரித்து ஒரு மாதத்தை நெருங்கும்போது, நன்றாகப் பறக்கப் பழகும் முன்பே குஞ்சு கூட்டைவிட்டுக் கிளை கிளையாகத் தத்தும். பிடி தவறினால் மதில்மேலோ தரையிலோ வந்து உட்காரும். அநாதையாகிவிட்டதென்று நாம் பதறுவது இந்த நாட்களில்தான். தாயும் தகப்பனும் அருகிலேயே, நாம் விலகக் காத்திருக்கும். சுற்றி நின்று செல்போனில் படம் எடுக்கும் நேரமெல்லாம் குஞ்சு பசித்திருக்கும் நேரம். கூட்டைப் பார்க்க ஆசையென்றால் தொலைவிலிருந்து, இருநோக்கியில் பாருங்கள்.

நாய், பூனை நெருங்கினால் கனத்த துணியால் போர்த்தி எடுத்து, பக்கத்துக் கிளையில் வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாலும் சோறும் ஊட்டி வீட்டில் வளர்ப்பது அதற்குக் கேடு, சட்டப்படி குற்றமும்கூட. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது.

2004 டிசம்பரில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ அடுக்குமாடி ஒன்றிலிருந்து செவ்வால் பருந்தின் கூட்டை அகற்றினார்கள். மக்கள் தெருவில் நின்று எதிர்த்ததால், அதே மாதம் கூடு கட்ட மறுபடி இடம் செய்து கொடுத்தார்கள். நம் ஊரில் மின்கம்பிக்காகக் கிளை கழிக்கும்போது கூடு போனால் யாருக்கும் தெரிவதுகூட இல்லை. 2016 வர்தா புயலில் எத்தனையோ பெரிய மரங்களை இழந்த நகரம் இது. ஆகவே மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கோடையில் கிளையில் அரிவாள் வைக்குமுன் அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால், குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தக் கிளையை விட்டுவையுங்கள்.