வலி வரட்டும் என்று காத்திருக்கலாமா?

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலம் ஒன்று உண்டு. கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். படகில் உட்கார்ந்து கொண்டு பார்த்தால் முத்து தெரியாது. மூச்சை அடக்கி, கடலின் அடிக்குப் போய், சிப்பியை அள்ளி வந்து, திறந்து பார்க்க வேண்டும்.

மனிதனின் கண்ணிலும் அப்படி ஓர் ஆழம் இருக்கிறது. அங்கே இருப்பது விழித்திரை. அதில் வரும் நோயை வெளியில் இருந்து பார்த்து யாரும் சொல்ல முடியாது. நோய் வந்தவருக்கே பல நாள் தெரியாது! அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு டாக்டர் பத்து ஆண்டுகளுக்கு மேல் படிக்கிறார்.

ஆனால், நோயாளி காலம் கடந்து வந்தால், அந்தப் படிப்பு முழுவதும் இருந்தும் என்ன பயன்?

படச்சுருள் போன்றது

விழித்திரை என்பது கண்ணின் பின்புறச் சுவரில், உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. பழைய காமிராவில் படச்சுருள் எப்படியோ, கண்ணில் விழித்திரை அப்படி. வெளிச்சம் அதன் மேல் விழுகிறது. அங்கிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. நாம் பார்க்கிறோம்.

கண்புரை வந்தால் ஆபரேஷன் செய்து, வேறு லென்ஸ் வைத்து விடலாம். விழித்திரை அடியோடு கெட்டுப் போனால், அதற்குப் பதிலாக வேறு விழித்திரை வைக்க முடியாது.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். விழித்திரையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசிகின்றன. நோய் முற்றினால், வலுவில்லாத புதுக் குழாய்கள் முளைக்கின்றன. ஒரு நாள் அவை உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் பரவுகிறது. அதுவரை வலி இல்லை. உறுத்தல் இல்லை. பார்வைகூட நன்றாகவே இருக்கலாம்.

"வலித்தால் டாக்டரிடம் போகலாம்" என்று இருப்பவர் ஏமாந்து போவார். அந்த வலி வரவே வராது!

பத்து ஆண்டுப் படிப்பு

விழித்திரை டாக்டர் எப்படி உருவாகிறார்? எம்.பி.பி.எஸ். படிப்பும் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டுகள். கண் மருத்துவத்தில் மேல்படிப்பு மூன்று ஆண்டுகள். அதன் பிறகு, விழித்திரைக்கென்று தனிப் பயிற்சி சுமார் இரண்டு ஆண்டுகள்.

தலையில் விளக்கு பொருத்திய கருவியை மாட்டிக் கொண்டு, கையில் லென்ஸைப் பிடித்து, நோயாளியின் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். மேலே இருப்பது கீழே. இடது பக்கம் இருப்பது வலது பக்கம்! அதைச் சரியாகப் புரிந்து கொள்ளவே பல மாதப் பழக்கம் வேண்டும்.

இந்தக் கருவியை நன்கு அமைத்துக் கொடுத்தவர் டாக்டர் சார்லஸ் ஷெப்பன்ஸ். பெல்ஜிய நாட்டுக்காரர். 1947-ல் அமெரிக்கா சென்று, பாஸ்டன் நகரில் வேலை செய்தார். அவரிடம் வித்தை கற்ற தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் உண்டு. அவர்தான் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத்.

பத்ரிநாத் 1940-ல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தவர். இளம் வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். ஆனாலும் படிப்பை விடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, அமெரிக்கா போனார். நியூயார்க்கில் கண் மருத்துவமும், பாஸ்டனில் விழித்திரை மருத்துவமும் கற்றார். அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1970-ல் தாயகம் திரும்பினார். 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். 2023-ல் மறைந்தார். ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தரும் அந்த ஆஸ்பத்திரி, விழித்திரை டாக்டர்களைப் பயிற்றுவிக்கும் இடமாகவும் இருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்துக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம் கிராமத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. மூட்டு நோயால் கைவிரல்கள் கோணிப் போயும், அதே கைகளால் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் ஆபரேஷன் செய்தவர். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இன்று தூத்துக்குடியிலும் அதன் கிளை இருக்கிறது. விழித்திரை வைத்தியம் கற்க இனி பாஸ்டனுக்குப் போக வேண்டியதில்லை; மதுரையிலேயே கற்கலாம்.

குடும்பத்தின் கடமை

டாக்டர் இருக்கிறார். லேசர் இருக்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. ஆபரேஷனும் இருக்கிறது. பிறகு ஏன் கண் போகிறது? காலத்தில் போகாததால்தான்.

உப்பளத் தொழிலாளியைக் கேட்டால், "ஒரு நாள் கூலி போய்விடுமே" என்பார். நியாயம்தான். ஆனால் கண் போனால் எல்லா நாள் கூலியும் அல்லவா போகும்? முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் இதை யோசிக்க வேண்டும். விழித்திரையைப் படம் எடுக்கும் காமிரா இன்று வேனில் ஏறி ஊர் ஊராகப் போகிறது. எங்கோ இருக்கும் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்த வேன் உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் வர வேண்டும். சோதனை நடக்கும் நாளுக்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது. அது தர்மம் அல்ல, கடமை.

குடும்பத்தார் செய்ய வேண்டியது மிகவும் எளிது. வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்ட வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கும். ஆகவே ஒருவர் துணைக்குப் போவது நல்லது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுவது போல் தெரிந்தாலும், கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலும், ஒரு பக்கம் திரை விழுந்தது போல் மறைத்தாலும், அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். அது விழித்திரை கிழிந்ததற்கோ, கழன்று கொள்வதற்கோ அடையாளமாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது.

டாக்டர் பத்து ஆண்டு செலவிட்டுப் படிக்கிறார். நாம் ஆண்டுக்கு ஒரு நாள் செலவிடக் கூடாதா?