வெள்ளை படியும் முன்னே



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் மேலப்பாளையம் பக்கத்து நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: “வெண்டை இலையெல்லாம் மாவு தூவினாற்போல வெள்ளையா இருக்கே, என்ன அடிக்க?” பாளையங்கால்வாய் ஓரம் காய் போட்டிருப்பவரும் கேட்கிறார், தட்டட்டியில் நாலு தொட்டி வைத்து அவரை ஏற்றியிருப்பவரும் கேட்கிறார். பிள்ளைகள் பறித்த கையோடு கடித்துத் தின்னும் காயில் மருந்தடிக்க யாருக்கும் மனசு வராது.

அது சாம்பல் நோய். அதன் பூசணம் பெரும்பாலும் இலையின் மேல்தோலிலேயே படர்ந்து கிடக்கும். விரலால் தடவினால் ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் வெறும் பாலுக்கே அடங்குகிறது. பிரேசிலில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் பசுமைக்குடிலில் சுக்கினி என்னும் பூசணி வகைச் செடிகளுக்குப் பால் தெளித்துப் பார்த்து, 1999-இல் முடிவை வெளியிட்டார். 10 சதவீதமும் அதற்கு மேலும் பால் கலந்த நீர், வழக்கமான பூசணக்கொல்லிக்குக் குறையாமல் வேலை செய்திருந்தது. நம் கைக்கணக்கில் 100 மில்லி பாலுக்கு 900 மில்லி தண்ணீர். வாரம் ஒரு தடவை, காலை வெயிலில், இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். வெயில் பட்டால்தான் பாலின் புரதம் பூசணத்தைத் தாக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் இது காவல்தான், வைத்தியம் இல்லை. முதல் பொட்டு தெரிந்த அன்றே, முடிந்தால் அதற்கும் முன்பே தொடங்க வேண்டும். இலை முழுக்க வெளுத்தபின் குடம் பால் ஊற்றியும் பயனில்லை.

எல்லா வெள்ளைக்கும் பால் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாகல், பீர்க்கு இலையின் மேலே மஞ்சள் கட்டம் கட்டமாகத் தெரிந்து, திருப்பினால் அடியில் சாம்பல் பூத்திருந்தால் அது அடிச்சாம்பல். இலைக்குள்ளேயே இறங்கிவிடும் நோய் அது. பந்தலில் காற்றோட்டம் விடுங்கள். சாயங்காலம் இலை நனையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நோய்ப்பட்ட இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

நாற்றழுகலுக்கு விதையிலேயே காவல் போடலாம்: கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ். அது உயிருள்ள பாக்டீரியா. அதையே செடிக்குத் தெளிப்பதானால், தாமிர மருந்து அடித்த பம்பை நன்றாகக் கழுவாமல் ஊற்றினால் செத்துப்போகும். பாலைப் போலன்றி, இதை வெயில் தாழ்ந்தபின் தெளிப்பதே நல்லது.

சந்தேகம் இருந்தால் இலையின் மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள். என்ன நோய் என்று பார்த்தபின் தெளிப்பைப் பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்