அருகில் இருப்பவர் யார்?

மென்பொருள் நிறுவன நேர்காணல்களில் அடிக்கடி வரும் கணக்கு இது. தளத்தில் பத்து லட்சம் புள்ளிகள். மையத்துக்கு மிக அருகில் உள்ள பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாத் தூரத்தையும் கணக்கிட்டு வரிசைப்படுத்தினால் விடை வந்துவிடும், வேலை வருவது சந்தேகம். பத்துப் புள்ளிகள் மட்டும் கொள்ளும் ஒரு ஹீப் போதும். அதில் இருக்கும் மிகத் தொலைவான புள்ளியைவிட அருகில் ஒன்று வந்தால், பழையதை வெளியேற்றிவிட்டுப் புதியதைச் சேர்க்கலாம். வர்க்கமூலம்கூட எடுக்க வேண்டாம், வர்க்கங்களை ஒப்பிட்டாலே போதும்.

இதில் மேதைமை ஒன்றும் இல்லை, பழக்கம்தான். பத்து முறை போட்டுப் பார்த்தவருக்குப் பதினோராவது முறை கை தானாக எழுதும். அந்தப் பத்து முறை யாருக்குக் கிடைக்கிறது? மாமா ஐ.டி.யில் இருக்கும் வீட்டில், "ஹீப் பார்த்துட்டுப் போ, கேப்பாங்க" என்று சாப்பாட்டு நேரத்திலேயே தகவல் வந்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரி அதை நேர்காணல் அறையில்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். அவர் தடுமாறினால், அதற்குத் தகுதிக் குறைவு என்று பெயர்.

அந்த அறை வரை போவதே பெரிய பாடு. ஒரே தகுதி, வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு விண்ணப்பங்கள் அனுப்பிச் சோதித்த சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆய்வு 2007இல் வெளியானது. தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயர்களுக்கு உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசியிருந்தார்கள். தகுதியைப் பற்றிப் பெருமையாகப் பேசிய அதே மேலாளர்கள், 'குடும்பப் பின்னணி'யும் முக்கியம் என்றார்கள்! ஏற்கெனவே வேலையில் இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைக் கொண்டுவரும் ரெஃபரலை என்னவென்று சொல்வது? அதுவும் அண்டை வீட்டு அல்காரிதம்தான்.

ஃபிக்ஸும் ஹாட்ஜஸும் 1951இல் எழுதிய முறையின் சாரம் இதுதான்: அக்கம்பக்கத்தைப் பார்த்து ஆளை வகைப்படுத்து. ஊரும் சேரியுமாக வாழும் நமக்கு இது புதிதா என்ன? தூரத்தை எதை வைத்து அளப்பது என்பதை ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார். வருமானத்தை ரூபாயிலும் வயதை ஆண்டிலும் அப்படியே போட்டால், வருமானம் வயதை விழுங்கிவிடும். முகவரியைச் சேர்த்தால், சாதி என்ற பத்தியே இல்லாமல் சாதி உள்ளே வந்துவிடும். நேர்காணலில் இதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டுப் போராடுவோம். அதுவரை வாசிப்பு வட்டங்களில் வாரம் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடலாம். முதல் வாரம் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹீப்பின் உச்சியில் நிற்க வேண்டியது மிக அருகில் உள்ள புள்ளி அல்ல, மிகத் தொலைவில் உள்ளது. பலரும் சறுக்குவது அங்கேதான்.