மணியோசை கேட்டது, யானை வரவில்லை!

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது பழமொழி.

ஆனால், மணியோசை மட்டும் கேட்டு, யானை வராமலே போய்விட்டால்?

அமெரிக்காவில் ஓர் ஊர் மக்களுக்கு அப்படி ஓர் அனுபவம் ஏற்பட்டது. அந்த ஊரின் பெயர் கிளீவ்லாந்து. ஓஹையோ மாநிலத்தில், ஈரி என்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. அங்குள்ள ஜனங்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். அவர்களுடைய அணியின் பெயர் "பிரவுன்ஸ்".

அமெரிக்கக் கால்பந்து வேறு. நம் ஊர்க் கால்பந்து வேறு. அங்கே காலால் உதைப்பது குறைவு. கோழிமுட்டை போல் நீண்ட பந்தைக் கையால் எறிவார்கள். மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிர் அணியினர் மேலே பாய்ந்து மடக்குவார்கள்.

ஓர் அணிக்கு மைதானத்தில் 11 பேர். அவர்களுக்கு மூளையாக இருப்பவர் "குவார்ட்டர்பேக்". பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று இரண்டு மூன்று விநாடிகளில் அவர் முடிவு செய்யவேண்டும். அதற்குள் எதிராளிகள் அவர்மேல் வந்து விழுவார்கள்!

ஒத்திகை ஆட்டம்

லீக் பந்தயங்கள் செப்டம்பர் மாதம் தொடங்கும். அதற்கு முன், ஆகஸ்டு மாதத்தில் முன்னோட்டப் பந்தயங்கள் நடக்கும். 2017ல் ஓர் அணிக்கு 4 பந்தயங்கள் இருந்தன. 2021 முதல் 3 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

இவற்றில் ஜெயித்தாலும் கணக்கு இல்லை. தோற்றாலும் கணக்கு இல்லை. நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பது போலத்தான்.

பெரிய ஆட்டக்காரர்கள் சிறிது நேரம் ஆடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். காயம் பட்டுவிடக் கூடாதே! பயிற்சியாளர்களும் தங்கள் உபாயங்களை வெளியே காட்டமாட்டார்கள். மீதி நேரம் ஆடுகிறவர்கள், வேலை தேடி வந்த இளைஞர்கள்.

அவர்களுக்கு அது விளையாட்டு அல்ல, பிழைப்பு. முகாமில் 90 பேர் இருப்பார்கள். அணியில் இடம் 53 பேருக்குத்தான். மொத்தம் 32 அணிகள். அணிக்கு 37 பேர் வெளியேறினால், ஏறத்தாழ 1,200 பேர்! சிலருக்குப் பயிற்சிக் குழுவில் இடம் கிடைக்கும். பலர் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

21 வயது இளைஞர்

கிளீவ்லாந்து அணி கடைசியாக சாம்பியன் ஆனது 1964ல். 2016ல் அது ஆடிய 16 பந்தயங்களில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. 1999க்குப் பிறகு அங்கே குவார்ட்டர்பேக்காக வந்துபோனவர்கள் இருபதுக்கு மேல். அவர்களுடைய பெயர்களையெல்லாம் ஒரே சட்டையின் முதுகில் வரிசையாக ஒட்டி வைத்த ரசிகரும் உண்டு!

இந்த நிலையில், 2017ல் ஒரு புது இளைஞர் வந்தார். பெயர் டிஷோன் கைசர். அதே ஓஹையோ மாநிலத்துப் பிள்ளை. வயது 21. உயரம் 6 அடி 4 அங்குலம். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது, 52வது ஆளாக அவரை எடுத்தார்கள்.

முதல் முன்னோட்டப் பந்தயம். எதிரி நியூ ஆர்லியன்ஸ் அணி. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கைசர் 45 கெஜ தூரம் பந்தை எறிந்தார். கிளீவ்லாந்து ஜெயித்தது!

மைதானம் ஆரவாரித்தது. "வந்துவிட்டார் நம் ஆள்!" என்று ரசிகர்கள் துள்ளினார்கள்.

அடுத்த மூன்று பந்தயங்களிலும் வெற்றி. நான்குக்கு நான்கு! லீக் பந்தயத்துக்கும் கைசரே குவார்ட்டர்பேக் என்று அறிவித்தார்கள்.

பிறகு நடந்தது என்ன?

16 லீக் பந்தயங்கள். பதினாறிலும் தோல்வி!

இந்த விந்தை அதற்கு முன்பும் ஒரு முறை நடந்திருக்கிறது. 2008ல் டெட்ராய்ட் அணியும் முன்னோட்டத்தில் நான்குக்கு நான்கு ஜெயித்தது. லீக்கில் பதினாறுக்குப் பதினாறு தோற்றது.

யார் குற்றம்?

கைசர் எறிந்த பந்துகளில் 22ஐ எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டில் வேறு யாருக்கும் அத்தனை இல்லை. ரசிகர்களின் கோபம் முழுவதும் அவர்மேல் திரும்பியது.

ஆனால், குற்றம் அவருடையது மட்டும்தானா?

முதல் லீக் பந்தயத்திலேயே எதிரிகள் அவரை 7 தடவை தரையில் சாய்த்தார்கள். அவருக்கு முன்னால் மதில் போல் நின்று காத்தவர் ஜோ தாமஸ். 10,363 முறை பந்து நகர்ந்தபோதும் ஒரு முறைகூட விலகாமல் நின்றவர். அந்த அக்டோபரில் அவரும் கையில் காயம்பட்டு வெளியேறினார். மதில் சாய்ந்தது!

பயிற்சியாளர்களோ கைசரை ஆட்டத்தின் நடுவிலே இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். மறுபடி இறக்கினார்கள். இப்படிச் செய்தால் ஓர் இளைஞனுக்குத் தன்மேல் நம்பிக்கை எப்படி வளரும்?

ஆண்டு முடிந்ததும் அவரை கிரீன் பே அணிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த லீக் பந்தயத்தையும் தொடங்கி ஆடவில்லை.

அதே 2017ல் கான்சாஸ் சிட்டி அணி வேறு ஓர் இளைஞரை எடுத்தது. அவர் பாட்ரிக் மஹோம்ஸ். அவரை உடனே களத்தில் தள்ளவில்லை. அனுபவசாலியான அலெக்ஸ் ஸ்மித்தின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த ஆண்டு அவர் ஆடியது ஒரே பந்தயம். மறு ஆண்டில், எல்லைக்கோட்டைத் தாண்டி 6 புள்ளி தேடித்தரும் எறிகள் 50! லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசும் கிடைத்தது.

இரண்டு பேருக்கும் திறமை ஒன்று என்று சொல்ல முடியாது. ஆனால், கனியாத காயைத் தடியால் அடித்துப் பழுக்கவைக்க முடியுமா?

ஒத்திகை எப்போதும் ஏமாற்றும் என்பதும் இல்லை. 2016ல் டல்லாஸ் அணியின் டாக் பிரெஸ்காட் முன்னோட்டத்தில் ஜொலித்தார். அவர் 135வதாக எடுக்கப்பட்டவர். லீக்கிலும் 16ல் 13 பந்தயங்களை ஜெயித்துக் காட்டினார். ஆனால் அவருக்கு முன்னால் பலமான மதில் இருந்தது. பக்கத்திலே நல்ல தோழர்கள் இருந்தார்கள்.

ஆகவே, ரசிகர்கள் ஆகஸ்டு மாதத்தில் பார்க்கவேண்டியது இளைஞனின் ஒரு நீண்ட எறியை மட்டுமல்ல. அவனைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும்.

பூஜ்ய ஊர்வலம்

கிளீவ்லாந்து ரசிகர்கள் மைதானத்தைக் கொளுத்தவில்லை. 2018 ஜனவரி 6ந் தேதி, உறைபனிக் குளிரில், ஆயிரக்கணக்கில் கூடினார்கள். மைதானத்தை வட்டமாகச் சுற்றி ஊர்வலம் போனார்கள். ஏன் வட்டம்? வட்டம்தானே பூஜ்யம்!

சிரித்துக்கொண்டே அழுதார்கள். அதோடு, ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையத்துக்கு நன்கொடையும் திரட்டினார்கள்.

அவர்கள் பொறுமை வீண் போகவில்லை. அடுத்து வந்த புது குவார்ட்டர்பேக் பேக்கர் மேபீல்டை அணி முதலில் உட்கார வைத்தது. 2018 செப்டம்பர் 20ந் தேதி இரவு, நியூயார்க் ஜெட்ஸ் அணியிடம் 14 புள்ளி பின்தங்கியிருந்த வேளையில், மூத்தவருக்குக் காயம் பட்டது. மேபீல்டு இறங்கினார். 21க்கு 17 என்று கிளீவ்லாந்து வென்றது. 635 நாட்களுக்குப் பிறகு முதல் வெற்றி!

பெரியவர்களும் கண்ணீர் விட்ட இரவு அது.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு பிறக்கும். ஏதோ ஓர் ஊரில் ஒரு புது இளைஞன் பந்தை எறிவான். மணி ஒலிக்கும். கேட்டு மகிழலாம், தப்பில்லை. ஆனால், அவசரப்பட்டு மாலை போடுகிறவன்தான், மறுநாள் அவசரப்பட்டுக் கல்லையும் எறிகிறான்.

யானை வந்து நிற்கும்வரை மாலை கையிலேயே இருக்கட்டும்!