மாடுலர் கிச்சன் அப்புறம், முதல்ல தண்ணி போற வழி!



"புது வீட்டுக்கு முதல்ல எதுக்கு செலவு பண்ணலாம்? மாடுலர் கிச்சனா, ஃபால்ஸ் சீலிங்கா?" ஹோம் லோன் வீடியோ போட்டாலே இந்தக் கேள்வி வந்துடும். என் பதில்: ரெண்டும் இல்ல. வீட்டைச் சுத்தித் தேங்குற தண்ணி வெளியே போக வழி பண்ணுங்க. அதுதான் முதல் செலவு.

ஒரு கணக்கு பார்ப்போம். வீடு 50 லட்சம். உங்க கைக்காசு 10 லட்சம், லோன் 40 லட்சம். நாளைக்கு விக்கும்போது, சுவர்ல ஓதம் இருக்குன்னு 5% குறைச்சுக் கேட்டா 2.5 லட்சம் போச்சு. பேங்க் அதுல பங்கு எடுத்துக்காது. முழு நஷ்டமும் உங்க 10 லட்சத்துல. அதாவது 25% காலி!

சென்னையில 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா வெள்ளம் வடிஞ்சதோட கதை முடியறதில்ல. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டின மாதிரி தாழ்வான ஏரியாக்கள்ல, மழைக்காலத்துல நிலத்தடி நீர்மட்டம் அஸ்திவாரம் பக்கம் ஏறி வரும். செங்கல் அதை உறிஞ்சி மேல இழுக்கும். சுவர்ல உப்பு பூக்கும், பெயிண்ட் உப்பி உரியும். ஈரம் கான்கிரீட்டுக்குள்ள போனா கம்பி துருப்பிடிக்கும். அங்கதான் பெரிய செலவு ஆரம்பிக்குது.

நானும் இந்தத் தப்பைப் பண்ணேன். ஒரே சுவருக்கு ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சேன். அப்புறம்தான் கவனிச்சேன், மொட்டை மாடி மழைநீர் பைப் அந்தச் சுவர் அடியிலேயே கொட்டிட்டு இருந்தது. வியாதிக்கு மருந்து கொடுக்காம பவுடர் பூசின கதை!

அதனால இந்த வரிசையில போங்க:

1. மாடி பைப் தண்ணியை அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளிக் கொண்டு போங்க. மழைநீர் சேகரிப்பு அவசியம்தான், ஆனா அந்தக் குழி சுவரை ஒட்டி வேண்டாம். பாதாள சாக்கடையிலயும் விடாதீங்க. அடைமழையில அது பாத்ரூம் வழியா திரும்பி வரும்.

2. வீட்டைச் சுத்தி உள்ள சிமென்ட் தளம் வெளிப்பக்கமா சரிஞ்சிருக்கணும். விரிசல் இருந்தா அடைங்க.

3. ரோடு மேல மேல போட்டு வீடு பள்ளத்துல போயிடுச்சா? சுவரிலிருந்து தள்ளி ஒரு வாய்க்கால் தோண்டி, ஓட்டை போட்ட பைப் பதிச்சு, ஜல்லி நிரப்பி, ஒரு தொட்டியில சேர்த்து மோட்டார் வச்சு வெளியேத்தலாம். இதுக்கு இன்ஜினியர் ஆலோசனை கண்டிப்பா வேணும்.

4. மழைக்காலத்துல ராத்திரி சம்ப்புக்குத் தண்ணி வர்ற வால்வை மூடி, மட்டத்தைக் குறிச்சு வைங்க. காலையில ஏறியிருந்தா, நிலத்தடி நீர் உள்ள கசியுது.

5. சுவர் நல்லா காய்ஞ்ச பிறகுதான் பெயிண்ட்.

"இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி வெள்ளச் சேதத்துக்குக் கை கொடுக்கும். வருஷக்கணக்கா மெதுவா ஏறுற ஓதம் பராமரிப்புக் குறை. அதுக்கு கிளைம் எதிர்பார்க்க முடியாது.

"நான் மூணாவது மாடி, எனக்கென்ன?"ன்னு கேக்குறவங்களுக்கு: சம்ப், லிஃப்ட் குழி, தூண் எல்லாம் பொதுதான். அசோசியேஷன் மீட்டிங்ல நுழைவாயில் டைல்ஸுக்கு முன்னாடி வடிகாலுக்குக் கை தூக்குங்க.

வேலை செஞ்ச பில், போட்டோ எல்லாம் பத்திரமா வைங்க. விக்கும்போது பேரத்துல அதுதான் உங்க பக்கம் பேசும்.

இன்னும் வீடு வாங்கலையா? சித்திரை வெயில்ல பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில ஒரு தடவை போய்ப் பாருங்க. புரோக்கர் சொல்லாததை அந்தச் சுவர் சொல்லிடும்.