நோயுற்ற மீனும் மரக்காணத்து உப்பும்



வீடு மந்திரிக்கச் செல்லும் குருவானவர் திருஇருதயப் படத்திற்கு அருகே வண்ண மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் காண்பது இந்நாளில் அரிதன்று. சென்னைக் கொளத்தூரில் பல குடும்பங்கள் இம்மீன்களை வளர்த்தே பிழைக்கின்றன. மீன் நலமாயிருக்கும்வரை வீட்டார் யாவரும் அதற்குச் சொந்தக்காரர். மேனியில் ஒரு புள்ளி கண்டதும், "எடுத்து எறி, வேறு வாங்கலாம்" என்பார் தகப்பனார். குழந்தை அழும். பிணிப்பட்டதை என்ன செய்வது என்பதற்கு நாம் கொடுக்கும் முதற் பாடம் அதுவாகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

செலவைக் கண்டு அஞ்ச வேண்டாம். மருந்து நம் வாசலிலேயே கிடக்கிறது. வானூரிலிருந்து வடகிழக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். அங்குப் பாத்திகளில் வாரிக் குவிக்கும் கல்லுப்பே நன்னீர் மீனுக்கு முதல் மருந்து. இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நன்னீர் மீனின் குருதியில் அதனினும் குறைவு. ஆனால் அது வாழும் நீரிலோ உப்பு மிகச் சொற்பம். ஆகவே வெளிநீர் இடைவிடாது செவுள் வழியே உடலுக்குள் புகுகிறது. மீனும் அதை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. மேனியில் காயம் பட்டால் அங்கே ஒரு கதவு திறந்தாற்போலாகிறது. நீரில் சிறிது உப்பைச் சேர்த்தால் இந்தப் போராட்டம் தணிகிறது. மீன் தன் பலத்தைக் காயம் ஆறுவதற்குச் செலவிடுகிறது.

அரசர் இரண்டாம் நூல் 2-ஆம் அதிகாரத்தில், எரிக்கோவின் கெட்ட நீரூற்றில் எலிசா இறைவாக்கினர் உப்பையிட்டு நலமாக்கியதை வாசிக்கிறோம். தீர்த்தம் மந்திரிக்கும் பழைய சடங்கில், உப்பின்மேல் சொல்லும் செபத்தில் அவர் பெயர் வரும். அது புதுமை, தொட்டியில் நடப்பது இயற்கை. இரண்டையும் நான் கலக்கவில்லை. ஆயினும் உப்பளத்து வெயிலில் உழைக்கும் நம் மக்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் நீர் குளிர்ந்ததும் மீன்மேல் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றும். இதை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு ஃபூக்கே என்னும் அறிஞர் 1876-இல் இட்ட பெயர் 'இக்தியோப்திரியஸ்'. மீன் பேன் என்று பொருள். பெயரின் முற்பகுதி, ஆதிக் கிறிஸ்தவர்கள் கல்லறைச் சுரங்கங்களில் அடையாளமாக வரைந்த மீனைக் குறிக்கும் அதே கிரேக்கச் சொல்! இவ்வுயிர் மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதை எட்டாது. முதிர்ந்ததும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாளில்தான் உப்பு அவற்றைக் கொல்லும். மூன்றாம் நாள் புள்ளி மறைந்தது கண்டு மருந்தை நிறுத்துவோர், அடுத்த வாரம் தொட்டி முழுவதும் வெண்மையாவதைக் காண்பர். பத்து முதல் பதினான்கு நாள் பொறுக்க வேண்டும்.

அளவு லிட்டருக்கு 3 கிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழமுள்ள தொட்டியில் கூழாங்கல் போக ஏறக்குறைய 50 லிட்டர் நீர் பிடிக்கும். ஆகவே 150 கிராம். மூன்று பங்காக்கி, கரைத்து, ஒரு நாளில் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வற்றிய அளவுக்கு வெறும் நீரையே ஊற்றுக. தூள் உப்பில் கட்டிப்படாமலிருக்க வேறு பொருள் சேர்ப்பார்கள், கல்லுப்பே மேல். செதிலற்ற கெளுத்தி இனங்களும் நீர்ச்செடிகளும் உப்பை அதிகம் தாங்கா.

வலை உரசியோ, வேறு மீன் கடித்தோ ஏற்பட்ட காயத்தில் பஞ்சு போல் பூஞ்சை பிடித்தால், மீனைத் தனிப் பாத்திரத்தில் விட்டு மெத்திலீன் நீலம் இடலாம். அதே 1876-இல் ஜெர்மானியர் ஹைன்ரிக் காரோ உண்டாக்கிய சாயம் அது. பெரிய தொட்டியில் ஊற்றினால் கழிவை மாற்றும் நல்ல நுண்ணுயிர்களையும் அழித்துவிடும். கிழிந்த துடுப்பு பெரும்பாலும் தானே வளரும். கடித்த மீனைப் பிரிக்காமல் காயத்துக்கு மட்டும் மருந்திடுவது வீண் வேலை.

மனிதருக்கான டெட்ராசைக்ளின் குளிகையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவோரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகினால் நாளை நம் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு அது உதவாது. கையில் வெட்டுக்காயம் உள்ளவர் தொட்டிக்குள் கைவிடவும் கூடாது. மீனிடமிருந்து மனிதரின் தோலுக்குப் பரவும், ஆற மாதக்கணக்காகும் புண் ஒன்று உண்டு. மேலும், பெரும்பாலான நோய்க்கு வேர் அழுக்கு நீரும் மிகுதியாகக் கொட்டும் உணவுமே. வாரத்துக்கொரு முறை கால் பங்கு நீரை மாற்றும் வீட்டில் மருந்துக்கு வேலை குறைவு.

எவ்வளவு பணம் செலவிடலாம் என்று கேட்பீர்கள். திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418-ஆம் எண்ணில் இரண்டையும் சொல்கிறது: உயிரினங்களைக் காரணமின்றித் துன்புறுத்தலாகாது; மனிதர் துயர் தீர்க்கச் சேரவேண்டிய பணத்தை அவற்றிற்காக இறைப்பதும் தகாது. ஒரு பிடி உப்பும் இரண்டு வாரப் பொறுமையும் இவ்விரு எல்லைக்குள்ளும் அடங்கும்.

உடல் உப்பி, செதில்கள் அன்னாசித் தோல்போல் சிலிர்த்துவிட்டால் பிழைப்பது அரிது. அதைக் குழந்தைக்கு மறைக்காமல் சொல்லிவிடுங்கள். செத்த மீனையோ, பிழைத்தபின் வேண்டாமென்று தோன்றும் மீனையோ ஏரியில் விடாதீர்கள். தென் அமெரிக்காவின் சக்கர் மீன் இப்படித்தான் தொட்டிகளிலிருந்து வெளியேறி நம் நீர்நிலைகள் பலவற்றில் பெருகிவிட்டது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி நம் வட்டத்தில்தான் கிடக்கிறது. அங்கே வலை வீசுவோர் நம் பங்கு மக்களின் அயலார். இறந்ததைக் கொல்லையில் ஆழமாகப் புதையுங்கள். உப்பிட்ட நீரைச் செடிகளுக்கு ஊற்றாமல் வாசலோரம் கொட்டிவிடுங்கள்.